வாளியை உதைக்காதே, பேராண்டி

இங்கிலீஷ் படிக்கணும்னு எறங்கிட்ட. நல்ல காரியம். முப்பதே நாள்ல பேசலாம்னு போட்ட புஸ்தகம் ஒண்ணைத் திசையன்விளை பஸ் ஸ்டாண்டுல வாங்கியாந்துட்ட. அதுவும் நல்ல காரியம். வாங்குன கையோட மொதப் பக்கத்தை விட்டுட்டு, கடைசிப் பக்கத்துல ‘நூறு இடியம்’னு கெடக்க பட்டியலை மனப்பாடம் பண்ண ஆரம்பிச்ச பாரு, அங்கதாம்ல நீ நம்ம வம்சம்னு காட்டிட்ட.

பண்ணு, பண்ணு. நல்லாப் பண்ணு. நாளைக்கு மெட்ராஸுக்கு இன்டர்வியூவுக்குப் போவ. ‘எப்படி வந்தீங்க’ன்னு கேப்பான். ‘பஸ்ஸுல வந்தேன்’னு வெறுமன சொன்னா நமக்கு மரியாதையா? சொல்லாத. ‘இட் வாஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’னு எடுத்து விடு. வெளிய சித்திரை வெயில் மண்டையப் பொளந்துக்கிட்டு இருக்கும். அவன் சன்னல் வழியா ஒருக்க எட்டிப் பாப்பான். ஒன்னைய ஒருக்க பாப்பான். வேல கெடைக்குதோ இல்லையோ, ஆயுசுக்கும் ஒன்ன மறக்க மாட்டான்.

தாத்தா காலேஜ் லைப்ரரியில தூசி தட்டுன ஆளுதான, இவருக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. பாளையங்கோட்டையில புரொபசர்மாரு எடுத்துப் படிச்சதவிட நான் தட்டுன புஸ்தகம் சாஸ்தி. தட்டும்போது தொறந்துக்கிடும். தொறந்தா ரெண்டு வரி படிப்பேன். அவிய சம்பளத்துக்குப் படிச்சாவ, நான் சும்மா படிச்சேன். அதான் எனக்குக் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு.

அந்தப் பூனை நாய் மழை இருக்குல்லா, அதை 1738-லயே ஜொனாதன் ஸ்விஃப்ட் ஒரு புஸ்தகத்துல போட்டுட்டான். கலிவர் கதை எழுதுனாம்லா, அவன்தான். படிச்சு எல்லாரும் பேசுங்கன்னா போட்டான்? பெரிய எடத்து ஆம்பள பொம்பளைக விருந்துக்கு ஒக்காந்தா, சொந்தமா ஒரு வார்த்த பேசத் தெரியாம, தேஞ்ச சொலவடையா ஆளுக்கு ஒண்ணு எடுத்து விடுதாவளேன்னு நக்கல் பண்ணிப் போட்டான். கிட்டத்தட்ட முந்நூறு வருசத்துக்கு முந்தியே ஒருத்தன் கேலி பண்ணி ஒதுக்குன சரக்கு. நீ காசு குடுத்து வாங்கியாந்திருக்க.

இந்த வழியில ஒனக்கு முன்னாடியே போயி உலகப் புகழ் வாங்குன ஆளு ஒருத்தன் உண்டு. பெட்ரோ கரோலினோன்னு பேரு, போர்ச்சுக்கல்காரன். அந்தூரு புள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கணும்னு 1855-ல ஒரு புஸ்தகம் போட்டான். ஆசைக்குக் கொறைச்சல் இல்ல. ஒரே சங்கடம், அந்தாளுக்கு இங்கிலீஷ் தெரிஞ்ச மாதிரி இல்ல. போர்ச்சுகீசியத்துலேர்ந்து பிரெஞ்சுக்கு ஒரு வாசகப் புஸ்தகம், பிரெஞ்சுலேர்ந்து இங்கிலீஷுக்கு ஒரு அகராதி, ரெண்டையும் பக்கத்துல வச்சிக்கிட்டு வார்த்தைக்கு வார்த்த மாத்திட்டான்னுதான் படிச்சவங்க சொல்லுதாவ. ஒருத்தன் வீட்டு வாசல்ல காத்துக் காத்துக் கால் கடுத்துப் போறதுக்கு பிரெஞ்சுல ஒரு சொலவடை இருக்கு. அது இவன் கையில சிக்கி வெளிய வரையில, குட்டிக் குரங்கை நறநறன்னு மெல்லுததா ஆயிப்போச்சு. அந்தப் பகுதிக்குத் தலைப்பு என்ன போட்டான் தெரியுமா? ‘இடியாட்டிசம்ஸ்’. அவன் பாசையில சொலவடைக்குப் பேரே அப்படித்தான். இங்கிலீஷ்காரன் காதுல அது கிறுக்குத்தனம்னு விழுந்துச்சு. ரெண்டுமே சரியாத்தான் இருந்துச்சுங்கிறதுதான் கூத்து. 1883-ல லண்டன்ல அதைச் சிரிப்புப் புஸ்தகமா அச்சடிச்சாவ. அமெரிக்காவுல மார்க் ட்வைனே முன்னுரை எழுதிக் குடுத்தான். பாடம் நடத்தப் போட்ட புஸ்தகம் நகைச்சுவை அலமாரியில ஏறி, இன்னும் எறங்கல.

பேரு போதும்னா அந்த வழியில போ. வேல வேணும்னா இங்கன கிட்டக்க வா.

இங்கிலீஷ்ல மொதல்ல படிக்க வேண்டியது, யாரு எந்த எடத்துல ஒக்காருதாங்கிறதத்தான். ‘ராமன் ராவணனைக் கொன்னான்.’ ‘ராவணனைக் கொன்னான் ராமன்.’ ‘கொன்னான் ராவணனை ராமன்.’ எப்படிப் பொரட்டிப் போட்டாலும் செத்தது ராவணன்தான். கல்யாணப் பந்தியில மாப்பிள்ள கழுத்துல மாலை கெடக்குல்லா? அவன் மொத எலையில ஒக்காந்தாலும் கடைசி எலையில ஒக்காந்தாலும் மாப்பிள்ள அவந்தான். நம்ம வேற்றுமை உருபுதான் அந்த மாலை. இங்கிலீஷ் பந்தியில மாலையே கெடையாது. மொத எலையில எவன் ஒக்காந்தானோ அவன் மாப்பிள்ள. ‘ராமா கில்ட் ராவணா’. ரெண்டு பேரையும் எலை மாத்தி ஒக்கார வச்சுப் பாரு. வால்மீகியும் கம்பனும் பட்ட பாடு அம்புட்டும் போச்சு. சீதை இலங்கையிலயே கெடக்க வேண்டியதுதான்.

இங்கிலீஷ்காரனுக்கும் ஒரு காலத்துல மாலை இருந்துச்சு பாத்துக்கோ. ஆல்ஃபிரட் ராசா ஆண்ட சமயம், ஆயிரத்து நூறு வருசத்துக்கு முந்தி, அவன் பாசையிலயும் பேர்ச்சொல்லுக்குப் பின்னாடி நம்ம மாதிரியே உருபு ஒட்டும். எடத்த மாத்திப் போட்டாலும் பொருள் அம்புட்டா கெடாது. கடல் தாண்டி வைக்கிங்காரன் வந்தான். 1066-ல நார்மன்காரன் வந்தான். ஆளுக்கொரு பாசை. கடைசி அசையை முழுங்கி முழுங்கிப் பேசி, சாசர்ங்கிற கவிராயர் எழுதுன 14-ம் நூற்றாண்டுல பாத்தா மாலையில பூவெல்லாம் உதுந்து நார்தான் மிச்சம். இன்னைக்கு ‘ஹி’, ‘ஹிம்’னு அங்கொண்ணும் இங்கொண்ணும் கெடக்கு. மாலை போனதும் எலைக்கு மதிப்பு வந்துருச்சு.

எலைக்கு மதிப்பு வந்தா அடுத்த வம்பு தன்னால வரும். மொத எலை காலியா இருக்கக் கூடாது. நம்மூர்ல ‘இருட்டிருச்சு’ன்னா இருட்டிருச்சு. எவன் இருட்டுனான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். இங்கிலீஷ்காரனுக்கு மனசு கேக்காது. ‘இட்’னு ஒரு பொம்மையக் கொண்டாந்து எலைக்கு முன்னால ஒக்கார வச்சிருவான். ‘இட் இஸ் கெட்டிங் டார்க்.’ அந்த ‘இட்’ யாரு ஐயான்னு ஒரு புரொபசர்கிட்டக் கேட்டேன். ‘டம்மி’ன்னாரு. என்னையத்தான் சொல்லுதாரோன்னு நெனச்சேன். இல்லையாம், அவன் இலக்கணத்துலயே அதுக்கு அதான் பேராம்.

அதனால வாயத் தொறந்தா மொதல்ல ஆளச் சொல்லு. ‘வந்தேன்’ல நாங்கிறது உள்ளயே இருக்கு. வெறும் ‘கேம்’ல ஒருத்தனும் இல்ல.

ஆளச் சொன்ன மறு நிமிசம் வினையச் சொல்லிரணும். இதுலதாம்ல நம்ம பொழப்பே அடிபடுது. தமிழ்ல வினை கடைசியில வருதே, அதுல எம்புட்டு வசதி இருக்குன்னு நீ நெனச்சுப் பாத்திருக்கியா? கடன் குடுத்தவன் வாசல்ல வந்து நிக்கான். நீ சொல்லுத: ‘அண்ணாச்சி, நாளைக்கு விடிஞ்சும் விடியாம, நானே நேர்ல வந்து, ஒங்க கையில, அந்தப் பத்தாயிரம் ரூவாய…’ இம்புட்டு சொல்லியாச்சு, இன்னும் நீ ஒண்ணும் ஒத்துக்கிடல. இழுத்துக்கிட்டே அவரு மொகத்தப் பாக்கலாம். எளகுன மொகமா இருந்தா, ‘தரத்தான் பாக்கேன்’. செவந்திருந்தா, ‘தந்துருதேன்’. பின்னாடி ரெண்டு தடியனக் கூட்டியாந்திருந்தா, ‘தராம எங்க போயிருவேன்’. கடைசி மூச்சு வரைக்கும் முடிவு நம்ம கையில. இங்கிலீஷ்ல அந்தச் சொகம் கெடையாது. ‘ஐ வில்’லா, ‘ஐ வில் நாட்’டா? வாயத் தொறந்த ஒடனே மாட்டிக்கிடுவ. நம்ம பயலுவ இங்கிலீஷ் பேசையில திக்குததப் பாத்து, பயம்ங்காவ, கூச்சம்ங்காவ. அதெல்லாம் கொஞ்சம்தான். முடிவ மொதல்ல சொல்லிட்டுக் காரணத்தப் பின்னால சொல்லுதது நம்ம வழக்கத்துலயே இல்ல. ஒரு கல்யாண வீட்டுக்கு வரமாட்டேம்னு சொல்லக்கூட நமக்கு அரை மணி நேரம் வேணும்லா?

இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. காசு வாங்காம சொல்லுதேன். ‘நான் நேத்து திசையன்விளை சந்தையில ஒரு கெடா வாங்குனேன்.’ ஆள மட்டும் மொதல்ல எறக்கி விடு. ‘ஐ.’ இப்ப மிச்சத்தக் கடைசிலேர்ந்து பின்னாலயே நடந்து வா. வாங்குனேன், ‘பாட்’. ஒரு கெடா, ‘எ கோட்’. சந்தையில, ‘இன் திசையன்விளை மார்க்கெட்’. பாத்தியா, ‘சந்தை’க்குப் பின்னால நின்ன ‘இல்’லு, ‘இன்’னா முன்னால வந்துருச்சு, அதுவும் தலைகீழ்தான். நேத்து, ‘எஸ்டர்டே’. முடிஞ்சுது சோலி. எல்லா எடத்துலயும் இது செல்லாது. ஆனா பத்துக்கு எட்டு எடத்துல கரையேத்திரும். இதே வழியிலதான் தமிழ் படிக்க வந்த வெள்ளக்காரனும் எதிர்ப்பக்கமிருந்து வந்திருப்பான். பக்கத்துல இடையன்குடியில கோயில் கட்டிக் கெடந்தாரே கால்டுவெல் ஐயர், 1838-ல மெட்ராஸ்ல எறங்கி, 1841-ல இந்தத் தேரிக்காட்டுக்கு வந்தவரு. நம்ம பாசைகளையெல்லாம் ஒண்ணா வச்சு இலக்கணமே போட்டாரு, 1856-ல. அவரும் வந்த புதுசுல நம்ம வாக்கியத்தோட கடைசி வார்த்தைக்காக வாயப் பாத்துக்கிட்டு நின்னவராத்தான் இருக்கும். அம்பது வருசம் இங்கனயே கெடந்தாரு. நீ முப்பது நாள்ங்க.

கெடா செவப்புக் கெடான்னா? அது ரெண்டு பாசையிலயும் முன்னாலதான் நிக்கும், பயப்படாத. ரெண்டு மூணு அடைமொழி வந்தாத்தான் சங்கடம். நம்ம ‘பெரிய கருத்த கெடா’ம்போம், ‘கருத்த பெரிய கெடா’ம்போம், கெடா கோவிச்சுக்கிடாது. இங்கிலீஷ்காரனுக்கு ‘பிக் பிளாக் கோட்’ மட்டுந்தான். மொதல்ல ஒன் அபிப்பிராயம், அப்புறம் அளவு, வயசு, நெறம், பெறந்த ஊரு, கடைசியில எதுல செஞ்சதுங்கிறது. டோல்கீன்னு ஒருத்தர், மோதிரக் கதை எழுதுனவரு, ஏழு வயசு வாக்குல டிராகன் கதை ஒண்ணு எழுதி அம்மாகிட்டக் காட்டுனாராம். பச்சைய முன்னாலயும் பெருசப் பின்னாலயும் போட்டிருக்காரு. அப்படிச் சொல்லக் கூடாது, பெருசுதான் முன்னால வரணும்னுருக்கா அம்மாக்காரி. ஏன்னு அப்பவும் வெளங்கல, இப்பவும் வெளங்கலன்னு 1955-ல ஆடன்ங்கிற கவிஞருக்குக் கடுதாசி எழுதுறாரு. அப்ப அவரு ஆக்ஸ்போர்டுல இங்கிலீஷ் புரொபசரு! அவருக்கே காரணம் புரியல. ஒனக்கு எதுக்கு? அம்மா சொன்னான்னு வச்சிக்கிட்டுப் போயிரு.

கேள்வி கேக்கத நான் நீட்டல. நமக்கு ஒரு ‘ஆ’ போதும், எதுக்குப் பின்னால வேணாலும் ஒட்டலாம். ‘அவனா வந்தான்’, ‘நேத்தா வந்தான்’, ‘வந்தானா’. அவனுக்கு ‘டூ’ங்கிற எடுபிடி இல்லாம ஆகாது. ஷேக்ஸ்பியர் காலத்துல அது இல்லாமயும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான், பிற்பாடு கட்டாயமாக்கிட்டான். ஒண்ணு மட்டும் ஞாவகம் வச்சுக்கோ. நடந்து முடிஞ்சதுங்கிறத அந்த எடுபிடி சொமந்துட்டா, வினை மறுபடி சொமக்கக் கூடாது. ‘டிட் ஹி கேம்’ இல்ல, ‘டிட் ஹி கம்’. அப்புறம், நேரா ஒருத்தனக் கேட்டா ‘வேர் இஸ் ஹி’. அதே கேள்விய வாக்கியத்துக்குள்ள வச்சா ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்’. திருப்புனது மறுபடியும் திரும்பிரும். நம்ம பயலுவ ரெண்டையும் மாத்தித்தான் சொல்லுவானுவ. ‘வாட் யூ ஆர் டூயிங்’கு இங்கன செல்லும், லண்டன்ல கொஞ்சம் தடுமாறும்.

தடுமாறுனாலும் ஒண்ணும் குடி முழுகாது. கும்பினிக்காரன் காலத்துலேர்ந்து மெட்ராஸ்ல பட்லர் இங்கிலீஷ்னு ஒண்ணு நடந்துச்சு. 1886-ல வந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியிலயே அதுக்கு எடம் குடுத்திருக்கான். ‘ஐ டெல்லிங்’னா சொல்லப் போறேன். ‘ஐ டன் டெல்’லுன்னா சொல்லிட்டேன். ‘ஃபேமிலி’ன்னா பொண்டாட்டி. சிரிக்காத, ஒங்கப்பன் இன்னைக்கும் ‘ஃபேமிலியோட வந்திருக்கேன்’னு ஒங்க அம்மைய மட்டும் கூட்டிட்டு வந்து நிக்கான். அந்த அகராதிக்காரனுக்கு இதுல பெரிய ஆச்சரியம் என்னன்னா, வேலைக்காரன் மட்டுமில்ல, தொரையும் திரும்ப அதே இங்கிலீஷத்தான் வேலைக்காரன்கிட்டப் பேசுனானாம். கோழிக்குழம்பு நேரத்துக்கு வரணும்லா? ஆளு, வினை, சாமான். இம்புட்டுத்தான் வேணும், சமையலறை ஓடிரும். ஒரு பட்லரும் பூன நாய் மழை பெய்ய வச்சதாச் சேதியில்ல.

சரி, ஒன் பட்டியலுக்கு வாரேன். மொகத்தத் தூக்காத.

‘கிக் த பக்கெட்’னு ஒண்ணு அதுல இருக்கும். செத்துப்போனான்னு அர்த்தம் போட்டிருப்பான். அர்த்தம் சரிதான். 1785-ல ஃபிரான்சிஸ் குரோஸ்னு ஒருத்தன் போட்ட அகராதியிலயே ஏறிருச்சு. ஆனா எந்த அகராதி? தெருப்பேச்சு அகராதி. கள்ளப்பயலுவ, குடிகாரன், பட்டாளத்தான் வாயில பொழங்குததா தேடிப் பொறுக்கிப் போட்ட அகராதி. அந்தச் சேதிய மட்டும் ஒன் முப்பது நாள்காரன் சொல்ல மாட்டான்.

இப்ப நம்மூரு துட்டி வீட்டை நெனச்சுக்கோ. முத்தத்துல பந்தல் போட்டாச்சு. பெஞ்சுல பெரியாளுக ஒக்காந்திருக்காவ. கொட்டுக்காரன் வைக்கோலக் கொளுத்திக் கொட்டைச் சூடு காட்டிட்டு அப்பத்தான் அடிக்க ஆரம்பிச்சிருக்கான். நடுவீட்டுல பெரியவரக் கெடத்தியிருக்கு. ஒரு வெள்ளக்காரன் வாரான். தமிழ் மேல உசுரானவன். வேட்டி கட்டியிருக்கான், கையில மாலை வச்சிருக்கான், செருப்பக்கூட வாசல்ல விட்டுட்டுத்தான் வாரான். மூத்த மவன் கையப் பிடிச்சிக்கிட்டு, கண்ணு கலங்கச் சொல்லுதான்: ‘ஒங்கப்பா மண்டையப் போட்டுட்டாருன்னு கேட்டு ரொம்ப வருத்தப்பட்டேன்.’

வார்த்த தப்பா? இல்ல. இலக்கணம் தப்பா? மரியாதைக்கு ‘ஆரு’ விகுதியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கான். வருத்தமும் நெசம். கொட்டு நின்னு போச்சு. பெஞ்சுல ஒருத்தரு துண்ட வாயில திணிச்சிக்கிட்டுத் தோளு குலுங்க இருக்காரு. ‘பாவம், அவருக்குத்தான் தாங்கல’ன்னு பொம்பளைக பேசிக்கிடுதாவ. மூத்த மவன் பாடுதான் பாடு. அழணுமா, அவன அடிக்கணுமா, தண்ணி குடுத்து ஒக்கார வைக்கணுமான்னு தெரியல.

நாளைக்கு ஒன் மேனேஜரோட அப்பா தவறிப்போனா, நீ தட்டிவிடப் போற மெயில்ல அந்தப் பக்கெட்டு இருந்துச்சுன்னா நீதாம்ல அந்த வெள்ளக்காரன். ‘ஐ ஆம் சோ சாரி அபௌட் யுவர் ஃபாதர்.’ அதுக்கு மேல ஒரு எழுத்து வேண்டாம்.

இடியத்துல இன்னொரு கூத்து, உள்ள கெடக்க வார்த்தைய அசைக்க முடியாது. ‘எனக்கு அல்வா குடுத்துட்டான்’னா ஏமாத்திட்டான். ‘எனக்கு நெய் ஒழுக அரைக்கிலோ அல்வா குடுத்துட்டான்’னா நல்ல மனுசன், தீவாளிக்கு நம்மளும் ஏதாவது குடுத்துவிடணும். ‘கம்பி நீட்டிட்டான்’னா ஓடிட்டான். ‘ரெண்டு கம்பி நீட்டிட்டான்’னா கட்டட வேலை பாக்கான். இங்கிலீஷ்காரனுக்கும் இதே கததான். பூனை முன்னால, நாய் பின்னால, அந்த வரிசையிலதான் பெய்யணும். பக்கெட்ட ஒருத்தன் உதைக்கலாம். ‘பக்கெட் அவரால் உதைக்கப்பட்டது’ன்னு திருப்பிப் போட்டியோ, அப்ப நெசமாவே குளியலறையில தண்ணி சிந்திருச்சு, ஆளு நல்லாத்தான் இருக்காரு. வாக்கியத்துல எலை வரிசை தெரியாதவன் இடியத்துல கைய வச்சா ரெண்டும் கெட்டுப்போகும். அதுக்குத்தான் மொதல்ல மொதப் பக்கத்தப் படிங்கேன்.

பெரிய பெரிய இடியமெல்லாம் காதோட வச்சிக்கோ. எவனாவது சொன்னாப் புரியணும், அம்புட்டுத்தான். வாயில வைக்க வேண்டியது வேற ஒரு கூட்டம் இருக்கு, சின்னச் சின்ன வார்த்த, ஒருத்தனும் மதிக்க மாட்டான், ஆனா ஆபீஸுல நாள் பூரா அதான் ஓடும். ‘புட்’டுன்னு ஒரே ஒரு வினைய எடுத்துக்கோ. ‘புட் ஆன்’னா உடுத்து. ‘புட் ஆஃப்’னா தள்ளிப்போடு. ‘புட் அவுட்’டுன்னா அணை. ‘புட் அப் வித்’துன்னா சகிச்சிக்கோ, ஒங்க ஆச்சி எங்கூட இத்தன வருசமாப் பண்ணிக்கிட்டு இருக்கது. இதுலயும் எலை வரிசை உண்டு. ‘பிக் அப் த டவல்’ சரி. ‘பிக் த டவல் அப்’பும் சரி. துண்டைச் சொல்லாம ‘அத’ன்னு சொன்னா மட்டும் ‘பிக் இட் அப்’தான். ‘பிக் அப் இட்’டுன்னா முடிஞ்சுது.

எடுக்கதுன்னதும் பரமார்த்த குரு கதை ஞாவகம் வருது. வீரமாமுனிவர் எழுதுனது. 1680-ல இத்தாலியில பெறந்த மனுசன், பெஸ்கின்னு பேரு. இங்கன வந்து, தேம்பாவணி பாடுன அதே கையால, நம்மளையே சிரிக்க வைக்கக் கத எழுதுனாரு. குரு குதிரையில போறாரு. தலைப்பாகை கீழ விழுது. சீடப்பயலுவ எடுக்கல. ஏம்ல எடுக்கலன்னா, நீங்க சொல்லலியேங்கான். விழுந்ததையெல்லாம் எடுங்கலன்னாரு. குதிரை லத்தி போட்டுச்சு, அதையும் பவுசா ஏந்திக்கிட்டு வந்தான். தலையில அடிச்சிக்கிட்டு, எதெது விழுந்தா எடுக்கணும்னு ஓலையில பட்டியல் எழுதிக் குடுத்தாரு. அடுத்தாப்புல குருவே குழியில விழுந்துட்டாரு. பயலுவ ஓலைய எடுத்துப் படிக்கானுவ. அதுல இருந்த துணிமணியெல்லாம் சரியா உருவி எடுத்துட்டானுவ. குரு பேரு பட்டியல்ல இல்ல. குழிக்குள்ள கெடந்துக்கிட்டே தன் பேரையும் எழுதிக் குடுத்த பெறவுதான் தூக்குனானுவ.

நூறு இடியத்த மனப்பாடம் பண்ணிட்டுப் போற பய, நூத்தி ஒண்ணாவது எடத்துல எவன் விழுந்து கெடந்தாலும் தூக்க மாட்டாம்ல.

இன்டர்வியூவுல ‘டெல் மி அபௌட் யுவர்செல்ஃப்’ம்பான். நாலஞ்சு வாக்கியம் போதும். ஆளு, வினை, மிச்சம். ‘ஐ கம் ஃப்ரம் எ வில்லேஜ் நியர் திசையன்விளை.’ ‘ஐ ஸ்டடீட் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்.’ ‘ஐ பாஸ்ட் அவுட்’டுன்னு மட்டும் சொல்லிராத. நம்ம நாட்டுல அது பட்டம் வாங்கிட்டு வெளிய வந்தது. வெளிநாட்டுக்காரன் எதுக்க ஒக்காந்திருந்தா, எந்த வருசம் மயங்கி விழுந்தேன்னு நீ சொல்லுதன்னு நெனப்பான். ‘ஐ கிராஜுவேட்டட்.’ சோலி முடிஞ்சுது.

அவன் ஏதாவது புரியாத இடியத்த எடுத்து விட்டா, புரிஞ்ச மாதிரி மண்டைய ஆட்டாத. ‘சாரி, வாட் டஸ் தட் மீன்’னு கேளு. எடுபிடி ‘டஸ்’ முன்னால, ‘மீன்’ மொட்டையாப் பின்னால, பாத்துக்கோ. அனேகமா அவனும் சங்கரன்கோயில் பக்கத்துப் பயலாத்தான் இருப்பான். ஒன் புஸ்தகத்தோட அதே பக்கத்துலேர்ந்துதான் எடுத்து விட்டிருப்பான். அர்த்தம் சொல்ல அவன் முழிக்கத நீ மரியாதையாப் பாத்துக்கிட்டு இரு, சிரிச்சிராத.

கடைசியா எந்திரிச்சுக் கை குடுக்கையில ‘வீ வில் கெட் பேக் டு யூ’ம்பான். இது மட்டும் எந்தப் பட்டியல்லயும் சரியாப் போட்டிருக்க மாட்டான். திரும்ப வருவோம்னு அர்த்தம் போட்டிருப்பான். நம்மாளு ‘பாக்கலாம்’னு இழுத்துச் சொல்லுவாம்லா, அதாம்ல இது. சந்தோசமா ‘தேங்க் யூ’ன்னு சொல்லிட்டு எறங்கி வா. கிளாம்பாக்கத்துல பஸ் ஏறுததுக்கு முன்னாலயே அடுத்த கம்பெனிக்கு மனுவத் தட்டிவிட்டுரு.